விருந்தாளிப் பறவைகள் ஊர் திரும்பும் காலம்



சம்பா அறுவடை முடிந்து வயலில் உளுந்து பூக்கிற மாசி மாதத்தில், ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். மழைக்காலத்தை ஒட்டி வந்து இறங்கிய வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருக்கும். அதுங்க சொந்த ஊருக்குக் கிளம்பத் தயாராகின்றன.

எங்கிருந்து வந்தவை?

ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை ரஷ்யா, மத்திய ஆசியா பக்கமிருந்து வருகின்றன. பனிக்காலத்தில் அங்கே குளம் குட்டை உறைந்துபோகும், இரை கிடைக்காது. அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்கு வரும் வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் பகுதிகளில் குஞ்சு பொரிப்பது. இமயமலையையே தாண்டிப் பறக்கும். 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததை அளந்திருக்கிறார்கள்!

ஏன் போகின்றன?

பகல் நேரம் நீள நீள, பறவையின் உடம்பில் மாற்றம் வருகிறது. வடக்கே பனி உருகி, முட்டையிடும் காலம் நெருங்குகிறது. வழக்கப்படி ஜனவரி 28-ல் மேட்டூர் அணை மூடியதும் நம்ம ஏரிகளிலும் தண்ணீர் குறையத் தொடங்கும். கிளம்பும் முன் நிறையத் தின்று உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொள்ளும். அதுதான் அதற்கு வழிச்செலவு. வாத்துகள் பெரும்பாலும் இருட்டிய பிறகே புறப்படும். நேற்று நிறைந்திருந்த ஏரி இன்று வெறிச்சோடிக் கிடப்பது இதனால்தான்.

எங்கே பார்க்கலாம்?

தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் வடுவூர், திருவாரூர் மாவட்டம் உதயமார்த்தாண்டபுரம், கரைவெட்டி, கோடியக்கரை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் கோடியக்கரை 2002-லும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-லும், கரைவெட்டி 2024-லும் சேர்ந்தன.

நமக்கு என்ன லாபம்?

பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்ல உரம். இதை உணர்ந்த வேடந்தாங்கல் மக்கள், பறவைகளைக் காக்கும் உரிமைக்கு 1798-லேயே கலெக்டரிடம் எழுத்துப்பூர்வ உத்தரவு வாங்கினார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. காட்டு வாத்துக் கறி வாங்காதீர்கள். வேட்டையாடுவது 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். விஷம் வைத்துப் பிடித்த கறியென்றால் நம்ம பிள்ளைகள் உயிருக்கும் ஆபத்து. முட்டையிடப் போகிற பறவையைப் பிடித்தால் அதன் குஞ்சுகளும் இல்லாமல் போகும்.

2. செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். வனத்துறைக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள்.

3. பறவையின் காலில் வளையம் தெரிந்தால், அதிலுள்ள எண்ணைக் குறித்து வனத்துறையிடம் கொடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க உதவும்.

4. உங்கள் ஏரியில் வாத்துகளைக் கடைசியாகப் பார்த்த தேதியைக் குழு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"எங்க ஊரில் பறவை பிடிக்க விடமாட்டோம்" என்று அடுத்த குழுக் கூட்டத்திலேயே தீர்மானம் போடுவோமா?