கொடைக்கானல் ஏரியில் தேவை இல்லை. கடலில் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து! பாய்மரப் படகின் 'தூக்கும் கீல்'

கொடைக்கானல் ஏரியில் படகு சவாரி போகாமல் மலையை விட்டு இறங்கும் ஆசாமி அபூர்வம். துடுப்புப் படகு, மிதி படகு, சிக்காரா படகு என்று ரகம் ரகமாக மிதக்கின்றன. அதில் ஒன்றில் ஒரு கம்பை நட்டு, பாயை விரித்தால் என்ன ஆகும்?

எதிர்க்கரைக்கு நேராகப் போகலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். படகு நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்துபோய், காற்று தள்ளிய கரையில் முட்டி நிற்கும். பலத்த காற்று என்றால் குப்புறக் கவிழ்ந்து, சவாரி போனவர்கள் தண்ணீரில் தத்தளிக்க வேண்டியதுதான்!

படகின் அடியில் 'கீல்' இல்லை. அதுதான் காரணம். நம் ஊர் தச்சர்கள் 'ஏரா' என்று சொல்வார்களே, அந்த அடிமரத்தின் சமாசாரம்தான் இது.

கொடைக்கானல் படகுக்கு அது தேவையும் இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் முயற்சியில் 1863-ல் ஓடைக்கு அணை கட்டி உண்டான ஏரி இது. பரப்பு சுமார் 60 ஏக்கர். சராசரி ஆழம் 3 மீட்டர்தான். முதல் படகுகளைத் தூத்துக்குடியில் இருந்து வரவழைத்தவரும் லெவிஞ்ச்தான். அப்போது மலைக்கு மோட்டார் ரோடு ஏது? பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பில் இருந்து மலைப்பாதை. சாமான் எல்லாம் கூலியாட்கள் சுமந்து ஏற வேண்டும். அந்தப் பாதையில் ஈயக்கட்டி பொருத்திய படகை யார் சுமப்பது?

தலையாட்டி பொம்மை

கடல் கதையே வேறு. அங்கே கீலுக்கு இரண்டு வேலை. ஒன்று, படகைப் பக்கவாட்டில் வழுக்க விடாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்வது. பாய்க்கப்பல் எதிர்க்காற்றிலும் வளைந்து வளைந்து முன்னேறுவது இதனால்தான். இன்னொன்று, கனம். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறதே, அதே சூத்திரம். நீண்ட பயணம் போகும் படகுகளில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈயமோ இரும்போ அடியில் இருக்கும்.

இது சும்மா ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2018 செப்டம்பர் 21-ந்தேதி தெற்கு இந்தியப் பெருங்கடலில், தன்னந்தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் போன இந்திய கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் 'துரியா' படகு புயலில் புரண்டது. பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி; எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் 32 அடிப் படகு மட்டும் மறுபடி நிமிர்ந்து மிதந்தது. அதற்குள் படுத்தே கிடந்தவரை மூன்று நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' மீட்டது. கோவாவில் கட்டிய அந்தப் படகுக்கு அசையாத நீளக் கீல்.

கீல் கழன்றால்? 2014 மே மாதம் அட்லாண்டிக் கடலில் 'சீக்கி ரஃபிக்கி' என்ற பிரிட்டிஷ் படகின் கீல் பிய்ந்துகொண்டது. படகு கவிழ்ந்து மிதந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதில் போன 4 பேர் திரும்பவே இல்லை.

மணல் திட்டு வந்தால்?

அப்படியானால் எல்லாப் படகுக்கும் ஆழமான கீலை வைத்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் இடிக்கிறது. 12 மீட்டர் நீளப் படகுக்குக் கீல் தண்ணீருக்குள் 2 மீட்டர் வரை இறங்கி நிற்கும். ராமர் பாலம் பக்கம் போனால் சில இடங்களில் தண்ணீர் ஒரு மீட்டர்தான்! தரை தட்டினால் படகு சாய்ந்து படுத்துவிடும். அலை வந்து அறைந்தால் பலகை பிளக்கும். சுற்றிப் போகலாம் என்றாலோ இலங்கையையே சுற்ற வேண்டும். 2005-ல் தொடங்கி, பாதியில் நின்றுபோன சேது சமுத்திரத் திட்டத்துக்குச் சொன்ன காரணமும் அந்தச் சுற்று வழிதான்.

இதற்குக் கண்ட வழிதான் 'தூக்கும் கீல்'. ஆழ்கடலில் இறக்கிவிடு, ஆழம் குறைந்தால் மேலே இழுத்துக்கொள்! 2 மீட்டருக்கு மேல் இறங்கி நின்ற படகு, ஏறத்தாழ ஒரு மீட்டர் தண்ணீரில் நழுவிப் போய்விடும். அடி தட்டையாக இருந்தால் வற்றிய கடற்கரையில் நிமிர்ந்தே உட்காரும். அதற்காகவே சுக்கானையும் இரண்டாக்கி, குட்டையாக வைக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று வாயைப் பிளக்க வேண்டாம். நம் கடற்கரையில் பாய் விரித்து ஓடிய கட்டுமரத்தில் மீனவர்கள் பலகையைத் தண்ணீருக்குள் இறக்கி ஓட்டினார்கள். கரை நெருங்கினால் உருவி எடுத்துப் போட்டுவிட்டு, அலையோடு மணலில் ஏற்றினார்கள். தத்துவம் அதேதான். ஈயமும் பம்பும் கிடையாது, அவ்வளவுதான்.

இரண்டு ரகம்

தூக்கும் கீலில் ஒரு ரகம், கனம் முழுவதையும் கீலிலேயே வைப்பது. இறக்கினால் படகு கெட்டியாக நிற்கும். ஆனால் டன் கணக்கில் எடை. தூக்க ஹைட்ராலிக் பம்பு வேண்டும். பம்பு மக்கர் செய்தால் கையால் அடித்து ஏற்ற வேண்டும்.

மற்றது பிரான்சு நாட்டு அலுமினியப் படகுகளில் பிரபலம். கனத்தைப் படகின் வயிற்றிலேயே வைத்துவிட்டு, பலகையை மட்டும் அரிவாள்மணை மாதிரி ஓர் ஆணியில் சுழல விடுவார்கள். தரையில் மோதினால் பலகை தானாக மடங்கிக்கொள்ளும். இழுக்க ஒரு கயிறு போதும். ஆனால் கனம் மேலே இருப்பதால் அடி ஆழத்தில் ஈயம் தொங்கும் படகுபோல அத்தனை வேகமாக நிமிராது. அகலத்தைக் கூட்டித்தான் சமாளிக்கிறார்கள்.

தொல்லையும் உண்டு. கீல் உள்ளே ஏறி நிற்க ஒரு பெட்டி வேண்டும். அது கூடத்தின் நட்டநடுவில் தூண் மாதிரி நிற்கும். சாப்பாட்டு மேஜையை அதன்மேல்தான் போட வேண்டும். மணலில் உட்கார்ந்து எழுந்தால் கூழாங்கல் ஒன்று பெட்டி இடுக்கில் புகுந்து, பலகை இறங்காமல் மாட்டிக்கொள்ளும். சிப்பியும் பாசியும் உள்ளே ஒட்டும். தூரிகை போகாத இடம். ஆணி, கயிறு, பம்பு எல்லாம் உப்புத் தண்ணீரில் தேயும். அசையாத கீலுக்கு இந்தத் தலைவலி இல்லை.

பாம்பனில் இன்னொரு வேடிக்கை. கீழே கீலைத் தூக்கினாலும் மேலே பாய்மரம் இடிக்குமே! அதற்கு ரயில் பாலத்தையே தூக்க வேண்டும். 2025 ஏப்ரல் 6-ந்தேதி திறந்த புதிய பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், லிப்டு மாதிரி செங்குத்தாக மேலே ஏறுகிறது.

அப்படி ஒரு படகைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால்? ஏரியில் மிதக்கும், சந்தேகம் இல்லை. ஆனால் 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். வத்தலக்குண்டு மலைச்சாலையின் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே லாரி குறுக்கே நின்று, மேலே போகிற பஸ்களும் கீழே வருகிற பஸ்களும் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கும்.