பைபிளில் பிழை உண்டா?

நெய்வேலியில் மண்ணைத் தோண்டினால் கரி வரும். கூடவே ஒரு கேள்வியும் வரும்.

1956-ல் அங்கே நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். மேல் மண்ணை அகற்றி, 1961-ல் கரியைக் கண்டார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு மரம், செடி, கொடிகள் மண்ணில் புதைந்தன. அவையே மக்கி, இறுகி, பழுப்பு நிலக்கரி ஆயின.

பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பது இது. ஆனால், உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்று நம்பும் கிறிஸ்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்? பாடத்தை நம்புவதா? வேதத்தை நம்புவதா?

ஓரத்தில் அச்சிட்ட கணக்கு

உலகத்தின் வயது இத்தனை என்று பைபிளில் ஒரு வசனமும் இல்லை. ஆறாயிரம் என்ற கணக்கைப் பரப்பியவர், அயர்லாந்து நாட்டுப் பேராயர் ஜேம்ஸ் அஷர். பைபிளில் வரும் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்தார். உலகம் கி.மு. 4004-ல் படைக்கப்பட்டது என்று 1650-ல் எழுதினார். 1701 முதல் இங்கிலீஷ் பைபிள்களில் பக்க ஓரத்தில் அந்த ஆண்டை அச்சிட்டார்கள். நாளடைவில் ஓரத்தில் இருந்ததையும் பலர் வேதமாகவே நினைத்துவிட்டார்கள்!

வம்ச வரலாற்றை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் அந்தக் கணக்குதான் வரும் என்போர் இன்றும் உண்டு. அது ஆண்டுக் கணக்குச் சொல்ல எழுதியது அல்ல என்பது மற்றவர்கள் பதில்.

தகப்பனை விட மூத்த மகன்!

ஓரத்தில் மட்டுமல்ல, உள்ளேயும் சிக்கல் உண்டு. யோராம் என்ற அரசன் 40 வயதில் இறந்தான். கடைசி மகன் அகசியா பட்டத்துக்கு வந்தான். அப்போது அவனுக்கு வயது 22 என்கிறது இரண்டாம் இராஜாக்கள் புத்தகம். இரண்டாம் நாளாகமமோ 42 என்கிறது. தகப்பனை விட மகன் இரண்டு வயது மூத்தவனா?

எழுதினவர் கை தவறியிருக்கிறது என்பதே அறிஞர் பலருடைய கருத்து. அச்சு இல்லாத காலத்தில் கையால்தான் பிரதி எடுத்தார்கள். நாளாகமத்தின் சில பழைய பிரதிகளில் 22 என்றே இருக்கிறது.

நம் ஓலைச்சுவடிகளிலும் இது உண்டு. உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தே 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். ஏடு எழுதினவர் செய்த பிழைக்குத் திருத்தக்க தேவரை யாரும் குறை சொல்வதில்லை.

மூன்று கட்சி

மூல நூலில் பிழையே இல்லை. பிரதிகளில்தான் பிழை வரலாம் என்பது ஒரு கட்சி. 1978-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் கூடிய கிறிஸ்தவத் தலைவர்கள் அப்படித்தான் அறிக்கை விட்டார்கள். “அந்த மூல ஏடு ஒன்றுகூட இன்று இல்லையே, எப்படிச் சோதிப்பது?” என்று மறுப்பவர்கள் கேட்கிறார்கள்.

மனிதரின் மீட்புக்கு வேண்டிய உண்மையைப் பைபிள் பிழையின்றிப் போதிக்கிறது என்று 1965-ல் கத்தோலிக்கரின் வத்திக்கான் சங்கம் கூறியது. இது இரண்டாவது.

எழுதினவர்கள் மனிதர்கள், சரித்திரத்திலும் விஞ்ஞானத்திலும் பிழை இருக்கத்தான் செய்யும் என்பது மூன்றாவது. இப்படிச் சொல்பவர்களில் பக்தர்களும் உண்டு, பக்தி இல்லாதவர்களும் உண்டு.

“கேள்வி கேட்காதே” என்று பிள்ளையின் வாயை அடைத்தால் கரியின் வயது குறையாது. பக்தியும் வளராது. எது வசனம், எது ஓரத்துக் கணக்கு, எது கை தவறியது என்று பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து பார்க்கலாம். இராஜாக்கள் 8-ம் அதிகாரம், 26-ம் வசனம். நாளாகமம் 22-ம் அதிகாரம், 2-ம் வசனம். இரண்டும் இரண்டாம் புத்தகம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்!