முயல் தந்த பழுப்பு நிறம்

மார்பில் கட்டி என்று வரும் பெண்ணிடமிருந்து ஊசியால் எடுத்த சதைத்துணுக்கு ஃபார்மலினில் ஊறுகிறது. பாரஃபின் மெழுகில் புதைகிறது. முடியை விடவும் மெல்லிய சீவலாகிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுகிறது. அதில் பழுப்பு நிறம் ஏறுகிறதா, எவ்வளவு ஏறுகிறது? அவருக்கு எந்த மருந்து என்பதைத் தீர்மானிக்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அந்தப் பழுப்புக்குப் பின்னால் பல ஆய்வகங்களில் ஒரு முயலின் ரத்தம் இருக்கிறது.

தேடப்படுவது ஹெர்-2 என்ற புரதம். செல்லின் சவ்வில் நின்றுகொண்டு, ‘வளர், பிரி’ என்ற கட்டளையை உள்ளே கடத்துவது இதன் வேலை. 17ஆம் குரோமோசோமில் உள்ள இதன் மரபணு சில கட்டிகளில் பல மடங்காகப் பெருகிவிடும். அத்தகைய மார்பகப் புற்று சீக்கிரமே திரும்ப வருகிறது என்பதை 1987இல் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் ஸ்லேமன் குழு காட்டியது. மார்பகப் புற்றுகளில் சுமார் 15 முதல் 20 சதவீதம் இந்த வகை. இப்புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மருந்து யாருக்குப் பயன்படும் என்று கண்டறிய, ‘ஹெர்செப்டெஸ்ட்’ என்ற சோதனைக்கும் அப்போதே அனுமதி கிடைத்தது. அதில் இருந்தது முயலின் பாலிகுளோனல் ஆன்டிபாடி, அதாவது பல்வகை எதிர்ப்பொருள்.

அதைப் பெற, மனித ஹெர்-2 புரதத்தின் ஒரு துண்டை முயலுக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள். சில வாரங்களில் மறுபடியும் ஏற்றுகிறார்கள். முயலின் உடலுக்கு அது அந்நியப் பொருள். அதன் நோயெதிர்ப்புச் செல்களான பி-செல்கள் பல, தத்தமது எதிர்ப்பொருளைச் சுரக்கின்றன. ரத்தத்தை எடுத்து, சீரத்தைப் பிரித்து, தேவையானதை மட்டும் வடித்தெடுத்தால் கிடைப்பது ஒரு கலவை. ஒவ்வொன்றும் அதே புரதத்தின் வெவ்வேறு இடத்தைப் பிடிக்கும்.

திருவிழாவில் தொலைந்த பிள்ளையைத் தேட சொந்தக்காரர் பத்துப் பேரை அனுப்புவது போலத்தான் இது. ஒருவருக்குச் சட்டை தெரியும், ஒருவருக்கு நடை, இன்னொருவருக்குக் குரல். சட்டையில் சேறு பட்டாலும் மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஃபார்மலின் புரதத்தின் வடிவத்தை முறுக்கி மறைத்தாலும், கலவையில் ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

முயலின் எதிர்ப்பொருளுக்கு நிறம் கிடையாது. அதைப் பிடிக்கும் இன்னொரு எதிர்ப்பொருளை, பெரும்பாலும் ஆட்டிலிருந்து எடுத்து, ஒரு நொதியைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த நொதிதான் நிறமற்ற வேதிப்பொருளைப் பழுப்பாக்குகிறது. செல்லின் சவ்வைச் சுற்றிப் பழுப்பு எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்த்து, நோயியல் மருத்துவர் 0 முதல் 3+ வரை மதிப்பெண் இடுகிறார்.

ஆனால் தேடப் போன பத்துப் பேரில் ஒருவர் வேறு வீட்டுப் பிள்ளையையும் கூட்டி வரலாம். கலவையில் சில எதிர்ப்பொருள்கள், சாயலில் ஒத்த வேறு புரதத்திலும் ஒட்டும். அதோடு, ஒரு முயலின் ரத்தம் தீர்ந்தால் அதே கலவை திரும்பக் கிடைக்காது. அடுத்த முயலின் கலவை வேறு. மாறாக, 1975இல் கோலர், மில்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் கண்ட மோனோகுளோனல் முறையில், ஒரே செல்வழியில் ஒரே எதிர்ப்பொருளைத் தொடர்ந்து பெறலாம். இன்னும் ஒரு படி மேலே போய், வரிசை தெரிந்த மரபணுவைக் கொண்டே எதிர்ப்பொருள்களைத் தயாரிக்க வேண்டும் என்று 2015இல் ‘நேச்சர்’ இதழில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கோரினார்கள்.

கலவை இப்படித் தவறலாம், மாறலாம் என்பதால்தான் நல்ல ஆய்வகம் நோயாளியின் சில்லுக்கு மட்டும் சாயமேற்றாது. ஹெர்-2 நிறைய உள்ளதென்றும், இல்லாததென்றும் முன்பே உறுதியான சில்லுகளையும் உடன் வைக்கும். அவை சரியாக வந்தால்தான் பழுப்பு நிறத்துக்கு மதிப்பு.

உங்கள் வீட்டில் யாருடைய அறிக்கையிலாவது ‘ஹெர்-2: 2+’ என்று இருந்தால் அது முடிவல்ல, இரண்டுங்கெட்டான் நிலை. மரபணுவை நேரடியாக எண்ணும் ‘ஃபிஷ்’ போன்ற சோதனை தேவைப்படும். அதை மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.