வெடித்தது மலை, விழுங்கியது சேறு

1985 நவம்பர் 13, பிற்பகல். கொலம்பியாவின் ஆர்மேரோ நகரத்தில் சாம்பல் தூற ஆரம்பித்தது. நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை பல மாதங்களாகவே உறுமிக்கொண்டிருந்தது ஊருக்குத் தெரியும். பதற வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றது உள்ளூர் வானொலி. மாலையில் சாம்பல் ஓய்ந்து மழை பிடித்துக்கொண்டது. ஆபத்து நீங்கிவிட்டது என்று நம்பி மக்கள் படுக்கப் போனார்கள்.

இரவு ஒன்பது மணி கடந்த சிறிது நேரத்தில் மலை வெடித்தது. எரிமலைகளின் கணக்கில் அது சின்ன வெடிப்புதான். ஆனால் 5,300 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரம் பனிப்பாறையைப் போர்த்திக்கொண்டிருந்தது. கொதிக்கும் சாம்பலும் கற்களும் அதன்மேல் பாய்ந்ததில் பனியில் சுமார் பத்தில் ஒரு பங்கு உருகியது. அந்த நீர் செங்குத்தான ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இறங்கும்போது மண்ணையும் பாறைகளையும் மரங்களையும் வாரிக்கொண்டு, போகப்போகப் பருத்தது. புவியியலாளர்கள் இதை ‘லஹார்’ என்கிறார்கள். பார்வைக்கு வெள்ளம், தன்மையில் குழைத்த கான்கிரீட். மாட்டிக்கொண்டவரால் அதில் நீந்தவும் முடியாது, நிற்கவும் முடியாது.

வெடிப்பு நடந்து இரண்டரை மணி நேரம் கழித்தே அந்தச் சேறு ஆர்மேரோவுக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 29,000 பேர் வாழ்ந்த ஊரில் மூன்றில் இரண்டு பங்கினர் அன்றிரவு மாண்டனர். மற்ற ஊர்களையும் சேர்த்தால் பலி சுமார் 23,000.

இது யாரும் எதிர்பாராத விபத்து அல்ல. ஒரு மாதம் முன்பே விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆபத்து வரைபடத்தில் ஆர்மேரோ சேற்றின் பாதையிலேயே இருந்தது. 1845-இல் வந்த இதே மாதிரி வெள்ளம் படிய வைத்த மண்ணின் மீதுதான் ஊரே எழுந்திருந்தது. வெடித்தவுடன் உறுதியான உத்தரவு வந்திருந்தால், நடந்தே மேட்டுநிலம் போய்ச் சேர நேரம் இருந்தது.

எரிமலை ஆபத்து என்றால் சிவந்து வழியும் தீக்குழம்பைத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மனிதர் நடந்து தப்பிக்கும் வேகத்திலேயே நகரும். 2018-இல் ஹவாயின் கிலாவேயா எரிமலை 700-க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்து மூடியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

உயிரைப் பறிப்பவை வேறு. 1902 மே 8 காலையில் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவில் பெலே மலையிலிருந்து சுடுவாயுவும் சாம்பலும் கலந்த மேகம் ஒன்று சரிவில் உருண்டு வந்தது. சில நிமிடங்களில் செயின்ட் பியேர் நகரம் சுமார் 28,000 பேரோடு அழிந்தது. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது மாண்ட 36,000-க்கும் அதிகமானவர்களில் பெரும்பாலோரை வாரிச் சென்றது அது எழுப்பிய ஆழிப்பேரலை. 1783-இல் ஐஸ்லாந்தின் லாக்கி பிளவு மாதக்கணக்கில் கக்கிய நச்சு வாயுவால் புல்வெளிகள் கெட்டன; ஆடுமாடுகள் மடிந்தன; பின்னாலேயே வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் இறந்தார்.

சாம்பலும் சாதாரணமானதல்ல. விறகுச் சாம்பல் போல அது ஊதினால் பறந்துபோகும் பொருள் இல்லை. பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும்தான். 1982 ஜூன் 24 இரவு, லண்டனில் கிளம்பி பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. உலர்ந்த சாம்பல் வானிலை ரேடாரில் தெரியவில்லை. உள்ளே போன துகள்கள் எஞ்சின் சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ள, நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 37,000 அடியிலிருந்து மிதந்தபடி இறங்கிய விமானம் சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகே எஞ்சின்கள் மறுபடி உயிர்பெற்றன. ஜகார்த்தாவில் தரையிறங்கும்போது முன்கண்ணாடி பெரும்பாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மங்கியிருந்தது. ஆனாலும் அனைவரும் பிழைத்தனர்.

ஆர்மேரோவின் பாடத்தை உலகுக்குக் கொண்டுபோனவர்களில் பிரான்சைச் சேர்ந்த மாரிஸ், கத்யா கிராஃப்ட் தம்பதி முக்கியமானவர்கள். எரிமலைகளை மிக அருகில் போய்ப் படம்பிடித்த இவர்கள், அவற்றின் ஆபத்துகளை விளக்கும் ஒரு வீடியோவை உருவாக்கினார்கள். 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ மலை புகையத் தொடங்கியபோது அந்தப் படம் அங்கே போட்டுக்காட்டப்பட்டது. வரைபடத்தையும் எச்சரிக்கை எண்களையும் சந்தேகத்தோடு பார்த்தவர்களுக்கு, சேறு விளைவித்த நாசத்தைத் திரையில் கண்டதும் விஷயம் விளங்கியது. பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டனர். அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளமும் ஜூன் 10-ஆம் தேதி காலியானது. ஜூன் 15-இல் மலை வெடித்தது, அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்றாக. அதைப் பார்க்கக் கிராஃப்ட் தம்பதி உயிரோடு இல்லை. ஜூன் 3-ஆம் தேதி ஜப்பானின் உன்சென் மலையில் சுடுமேகம் பாய்ந்ததில் இறந்த 43 பேரில் அவர்களும் அடக்கம்.

பினாட்டுபோவிலும் சாவு இல்லாமல் இல்லை. மலை வெடித்த அதே நாளில் யுன்யா புயல் கரை கடந்தது. மழையில் நனைந்து கனத்த சாம்பலைத் தாங்க முடியாமல் கூரைகள் இடிந்தே பலர் இறந்தனர். சரிவுகளில் குவிந்துகிடந்த சாம்பலோ ஒவ்வொரு மழைக்காலத்திலும் லஹாராக இறங்கிக்கொண்டிருந்தது. மலை வெடித்து நான்கு ஆண்டுகள் ஆன பிறகு, 1995-இல் பக்கோலோர் நகரம் புதைந்தது. அங்குள்ள பழைய தேவாலயம் பாதி உயரம்வரை மண்ணுக்குள் போய்விட்டதால், முன்பு சன்னலாக இருந்தவை இன்று வாசல்களாகப் பயன்படுகின்றன.

இத்தகைய சேற்றுக்கு இப்போது பள்ளத்தாக்கிலேயே காவல் வைக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பனி மூடிய ரெய்னியர் எரிமலையின் கீழே உள்ள ஓர்ட்டிங் நகரமும் பழைய சேற்றுப் படிவின் மேல் எழுந்ததுதான். மேலே ஆற்றோரங்களில் பதித்துள்ள கருவிகள் நில அதிர்வைக் கேட்டபடி இருக்கின்றன. அபாயச் சங்கு ஒலித்தால் எந்தச் சாலை வழியே எந்த மேட்டுக்கு நடக்க வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, வகுப்பு வகுப்பாக அழைத்துப்போய் ஒத்திகை பார்க்கிறார்கள்.