கோளாறு நெட்வொர்க்கிலா, கணினியிலா? விடை தரும் தரவுப் பதிவுகள்

ஆந்திர மாநிலம், திருப்பதி மாவட்டத்தில் உள்ள ஸ்ரீ சிட்டி போன்ற தொழில் நகரங்களில், ஆலைக் கணினிகளின் இணைப்பு தடைபட்டால் உற்பத்தியும் பாதிக்கப்படும். காரணத்தைக் கண்டறிய, நெட்வொர்க்கில் செல்லும் தரவுப் பொட்டலங்களைப் பதிவு செய்து ஆராய்வது வழக்கம்.

இதற்கு உதவும் இலவச மென்பொருள் 'வயர்ஷார்க்'. 1998-ல் 'ஈதீரியல்' என்ற பெயரில் வெளியான இது, 2006-ல் பெயர் மாறியது. பதிவில் கவனிக்க வேண்டியவற்றைத் தகவல், குறிப்பு, எச்சரிக்கை, பிழை எனத் தரம் பிரித்து இது தொகுத்துத் தரும்.

ஒரே தரவு மீண்டும் அனுப்பப்பட்டால் 'குறிப்பு'. வழியில் இழப்பு நேர்ந்திருக்கலாம். பெறும் கணினியின் இடையக நினைவகம் நிரம்பினால் 'எச்சரிக்கை'. தாமதத்துக்குக் காரணம் அந்தக் கணினியே, நெட்வொர்க் அல்ல.

எனினும், அனுப்பும் கணினியிலேயே பதிவு செய்தால், சரிபார்ப்பு எண் கணக்கிடப்படும் முன்பே பொட்டலம் பதிவாகி, இல்லாத பிழையும் தோன்றக்கூடும். எனவே, இரு முனைகளிலும் பதிவு செய்து ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வருவது நல்லது.