தீவில் நன்னீர் தங்குவது எங்ஙனம்?

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் அமைந்திருந்தன. வேம்பாற்றுக் கரைக்கு எதிரே உள்ளவற்றுள் ஒன்றன் பெயர் நல்லதண்ணித் தீவு. மற்றொன்றன் பெயர் உப்புத்தண்ணித் தீவு. ஒரு நிலத்தின் மதிப்பை அதன் ஜலத்தைக் கொண்டே நம் முன்னோர் அளந்தனர் என்பதற்கு இப்பெயர்களே சான்றாகும்.

நாற்புறமும் உப்புக் கடல் சூழ்ந்த, ஆறில்லாத தீவில் மரங்கள் தழைப்பது எங்ஙனம்? மழை ஜலம் மணலில் இறங்கி, அடியிலுள்ள கடல் ஜலத்தின்மேல் மிதந்து நிற்பதே காரணம். 41 அடி நன்னீரின் எடை 40 அடி கடல் ஜலத்தின் எடைக்கு ஏறக்குறையச் சமம். ஆகையால் நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை பரவியிருக்கும். மேலே 1 அடி குறைந்தால் உப்பு ஜலம் நாளடைவில் 40 அடி மேலேறும்.

இதனை வீட்டிலேயே சோதித்தறியலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு உப்பு ஜலம் ஊற்றிச் சிறிது நீலம் கரைத்து, மேலே ஒரு வெற்றிலையை மிதக்கவிட்டு, அதன்மேல் நல்ல ஜலத்தை மெதுவாக வார்க்கவும். இரண்டும் தனித்தனியே நிற்கும். கலக்கினாலோ, மீண்டும் பிரியா.

தீவின் மண்ணையும் கரையையும் பூவரசு முதலிய மரங்களின் வேர்கள் பிடித்து நிற்கின்றன. கடலடியிலுள்ள பவழப் பாறை அலையின் வேகத்தைத் தணிக்கிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவழப் பாறையை நெடுங்காலம் வெட்டினர். பூவரசன்பட்டி, விலங்குச்சள்ளி என்னும் இரு தீவுகள் கடலில் மூழ்கியதற்கு இதுவே முக்கிய காரணமாகக் கூறப்படுகிறது. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு தன் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தது. அதனைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகள் கடலில் இடப்பட்டன. 1986இல் இத்தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவழத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. இழந்த தீவுகளோ திரும்பவில்லை.

வேங்கிக்கால் விவசாயிகளுக்கு இதனால் என்ன பிரயோஜனம் எனில், நம் நிலையும் ஒருவாறு தீவின் நிலையே. அங்கே அடியில் கடல்; இங்கே அடியில் கரும்பாறை. பாறைக்கு மேலுள்ள மண்ணிலும் வெடிப்புகளிலும் தங்கும் மழை ஜலமே நம் கிணறுகளின் முதல். கிணற்றை ஆழப்படுத்துவதால் முதல் பெருகாது. இருப்பு விரைவில் தீரும், அவ்வளவே.

ஆகவே ஐப்பசி மழைக்கு முன்பே சரிவுக்குக் குறுக்கே வரப்புகளை உயர்த்துக. மேட்டுப் புறம்போக்கிலுள்ள மரங்களை வெட்டாது காக்க. மலையிலிருந்து ஏரிக்கு வரும் வரத்துக்கால்களில் தூரும் ஆக்கிரமிப்பும் சேராதபடி கிராம அதிகாரிகள் கண்காணிப்பது மிக அவசியம். கோடையில் கிணற்று ஜலமட்டத்தைக் கயிற்றால் அளந்து மாதந்தோறும் குறித்து வருவோர், எந்தப் பயிரை எத்தனை ஏக்கரில் இடலாம் என்பதை நடவுக்கு முன்பே அறிந்துகொள்வர்.