கிராண்ட்டில் பெயர் மாறினால் மட்டும் போதுமா?

தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். பத்தாங் பெர்ஜுந்தையில் (2007இலிருந்து பெஸ்தாரி ஜெயா, எனக்குத்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது) யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். இறந்துபோனவர் பெயரில் வந்த வரிச்சீட்டுகளும் அதில் உண்டு.

லயத்து வீடு கம்பெனியுடையது, வரிப் பேச்சே இல்லை. தாமானில் சொந்த வீடு வாங்கியவர்கள், நில அலுவலகத்தில் கிராண்ட் பெயர் மாறியதும் வேலை முடிந்தது என்றிருந்துவிடுகிறார்கள். அங்கே கட்டுவது நில வரி. ஆண்டுக்கு இருமுறை கட்டும் மதிப்பீட்டு வரி கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்கு. அதன் பதிவேடு வேறு.

1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 160ஆம் பிரிவுப்படி, விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்துக்குள் ‘போராங் ஐ’ கொடுத்து அறிவிக்க வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசு ஓராண்டுக்குள் ‘போராங் ஜே’ கொடுக்க வேண்டும்.

உண்மையில் விற்றவர்தான் அவசரப்பட வேண்டும். அறிவிக்காதவரை வரிப்பொறுப்பு அவரை விடாது.

“லோயர் பார்த்துக்குவாருங்க ஐயா” என்பார்கள். பார்ப்பார்தான். கழகத்தின் முத்திரை விழுந்த நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.